படியில் தொங்காத பிள்ளை

புதிதாகத் தோளில் பையை மாட்டப்போகும் தம்பிகளே, தங்கைகளே,

டிக்கெட் கொடுப்பது பற்றியோ, செக்கர் ஏறினால் எப்படி நிற்பது என்பது பற்றியோ நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பாதியை டிப்போவில் சொல்லிக்கொடுப்பார்கள். மீதியைப் பயணிகள் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது காலை டிரிப்பில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களிடம் வாங்க நமக்குக் காசு கிடையாது, பாஸைக் காட்டிவிட்டு ஏறுவார்கள். அதனால்தானோ என்னவோ நாம் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில்தான் அதிக காலம் கண்டக்டராக இருந்தேன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன். வேறு வேலை கிடைக்கும் வரை என்று ஏறியவன், அப்படியே இருந்துவிட்டேன். வயது இருக்கும்போதே ஏன் விருப்ப ஓய்வு வாங்கினாய் என்று கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்கிறேன். அது பாதி உண்மை. மீதி, காலை வண்டியில் ஒரு பிள்ளை இருக்கையில் சாய்ந்து தூங்கினாலே எனக்கு வேலை ஓடுவதில்லை. அருகில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த டிக்கெட் கிழிப்பேன். இன்னும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

முதலில் மகேஷ் என்ற பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் கடைசி ஊரான எங்கள் ஊர்தான் அவனுடையதும். பதினோராம் வகுப்பு. படிக்கட்டில் இடம் இருந்தால் தொங்குவான், இல்லாவிட்டால் பின்பக்க ஏணியில் தொங்குவான். உள்ளே உட்கார இடம் இருந்தும் தொங்குவான். திட்டினால் சிரிப்பான். அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என் எதிரிலேயே அறைந்தார். மறுநாளும் தொங்கினான்.

எங்கள் டிரைவர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "அடிச்சுல்லாம் அவன உள்ள ஏத்த முடியாது. அவன் உசுரு எங்கயாவது தொங்கணும்னு கேக்குது. நம்ம வேலைக்குத் தொங்கிட்டுப் போவட்டுமே."

கடைசி ஊரில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. வாய்க்கால் கரையில் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் பின்சக்கரம் தண்ணீருக்குள். கீழே இறங்கி விசில் ஊதி வண்டியைப் பின்னால் வரவழைப்பது என் வேலை. மறுநாளிலிருந்து அந்த விசிலை மகேஷ் கையில் கொடுத்தோம். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். கரையின் விளிம்பில் நின்று, "வரலாம்… வரலாம்… ஒடிச்சு வாங்க… போதும்!" என்று அவன் கை காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வண்டி அவன் கைக்குக் கட்டுப்பட்டு வந்தது. அவன் தொங்குவதை அடியோடு விட்டுவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். குறைந்தது. அதைவிட முக்கியம், அன்றிலிருந்து அவன் எங்களோடு பேச ஆரம்பித்தான். அந்தப் பேச்சுதான் பிறகு ஒரு உயிரைக் காப்பாற்றியது.

அந்த உயிர் என் மகன் கதிரவன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா பண்ணை வேலைக்காரர். கூலி உயர்த்திக் கேட்டு, அறுவடைக்கு வயலில் இறங்கமாட்டோம் என்று ஊரே நின்றபோது முன்வரிசையில் நின்றவர். மிராசுதாரின் ஆட்கள் அடித்து மண்டை உடைந்தும் நகரவில்லை என்று இன்றும் சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அவர் நின்றதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன் என்று நம்பி வளர்ந்தேன். எங்கள் வீட்டில் பயம் என்பது கெட்ட வார்த்தை. பல்லி விழுந்ததற்கு என் அக்கா கத்தினால்கூட, "யாரு மவ நீ?" என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் கதிர் பயந்த பிள்ளையாகப் பிறந்தான். இடி இடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டுமென்றால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். நெஞ்சு படபடவென்று அடித்தால், "அம்மா, எனக்கு ஏதோ ஆவுது" என்பான். என் மனைவி செல்வி அவன் முதுகைத் தடவிக்கொடுப்பாள். நான் தூரத்திலிருந்தே, "யாரு பேரன் நீ? பயப்படலாமா?" என்பேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. நல்லதுதான் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னேன்.

அவன் என் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவான். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கைதான் அவனுடையது. நின்றுகொண்டு வரும் பிள்ளைகளெல்லாம் தங்கள் பைகளை அவன் மடியில்தான் போடுவார்கள். மோவாய் வரைக்கும் பை அடுக்கிக்கொண்டு, முனகாமல் வருவான். "உங்க புள்ள தங்கம் சார்" என்று வழக்கமாக வரும் அம்மாக்கள் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். படிக்கட்டில் தொங்கும் பயல்களைப் பார்த்து, "அங்க பாரு, என் புள்ளய" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நடுக்கம் நின்றது. கேள்வி கேட்டால் நிதானமாகப் பதில் சொன்னான். இடி இடித்தபோது ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் மந்தமாக இருந்தான். அதிகமாகத் தூங்கினான். சாப்பாடு குறைந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "பய பயம் தெளிஞ்சிட்டு அண்ணே" என்று டிரைவரிடம் சொன்னேன். டிப்போவில் நாலு பேருக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். செல்வி மட்டும், "என்னமோ மாரி இருக்கான்ங்க" என்றாள். "உனக்கு அவன் அழுதுகிட்டே இருக்கணும்" என்று அவளை வாயடைத்தேன்.

பிள்ளைகளின் குணம் ஒரே மாதத்தில் புரண்டுபோகாது. கெட்டது குறைந்து நல்லது வந்தது போலத் தெரிந்தாலும், ஏன் என்று கேளுங்கள். சந்தோஷப்படுவதற்கு முன்னால் கேளுங்கள். உங்கள் வண்டியில் வரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அந்தக் காலை, எரிவாயுக் குழாய் பதிக்க விளைந்த வயலைத் தோண்டுகிறார்கள் என்று விவசாயிகள் மெயின் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சாலை மறியல். எங்களுக்கு முன்னால் லாரிகளும் கார்களும் நீளமாக நின்றுபோயிருந்தன. எங்கள் வண்டியும் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று எந்தப் பிள்ளையும் கவலைப்படவில்லை. திருவிழா மாதிரி இறங்கி ஓடினார்கள். தன் பையை எடுக்க வந்த ஒரு பெண்தான் கத்தினாள்: "சார், கதிரண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாங்க!"

பைகளைத் தள்ளிப் பார்த்தேன். தலை சாய்ந்திருந்தது. கடைவாயில் நுரை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. கை கால் லேசாக வெட்டியது.

"வலிப்பு! வலிப்பு! இரும்பக் குடுங்க!" என்றார்கள் பெண்கள். யாரோ வீட்டுச் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றப் போனார். "ஊத்தாதீங்க!" என்று டிரைவர் அண்ணன் அதைத் தட்டிவிட்டார். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. காத்து வுடுங்க." முதலுதவி வகுப்பில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். அன்று அது அவருக்குத்தான் ஞாபகம் வந்தது, எனக்கு வரவில்லை. நான் சாவிக்கொத்தை அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலிப்பு என்ற சொல்லையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். மறியலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், நேரமாகும் என்றார்கள்.

அப்போது மகேஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"சார். வலிப்பு இல்ல சார்."

"ஒனக்கு என்னடா தெரியும்? தள்ளு" என்றார் முன்சீட்டில் வந்த ஒரு பெரியவர்.

"அவன் மாத்திர போடுவான் சார். இன்னிக்கு பஸ் வர்றதுக்கு முன்னாடியே போட்டான். நெறயா போட்டான்."

அந்தப் பெரியவர் மகேஷின் சட்டையைப் பிடித்தார். "தொங்குற பய நீ. நீதான எதையாச்சும் குடுத்திருப்ப? அந்தப் புள்ள வாயில வெரல வச்சா கடிக்கத் தெரியாது. அது மேல பழி போடுறியா?"

"நான் குடுக்கல! வேணாம்னுதான் சொன்னேன்!"

தம்பிகளே, அந்த இடத்தில் எனக்கு இருந்த நேரம் மிகவும் கொஞ்சம். ஒரு பக்கம், பேருக்கு முன்னால் 'நல்ல' என்று ஊரே சேர்த்துச் சொல்லும் என் பிள்ளை. இன்னொரு பக்கம், ஊரே திட்டும் பையன். யார் சொல்வதை நம்புவது? வாய்க்கால் கரையில் தினமும் அவன் "போதும்" என்று கத்தும்போது, டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் பிரேக் போடுகிறாரே, அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. அவன் சொன்னால் சரியாக இருக்கும்.

"அவன வுடுங்க" என்றேன். "மகேஷ், அட்டை எங்க?"

"சட்டப் பையில."

கதிரின் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்தேன். மாத்திரை அட்டை. எல்லாக் குமிழும் காலி. அதை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் கையை நீட்டினார். "பைய எங்கிட்ட குடு. வண்டிய நான் பாத்துக்கறேன். நீ ஓடு." கண்டக்டர் பணப்பையைக் கழற்றக் கூடாது, வண்டியை விட்டுப் போகக் கூடாது. இரண்டையும் செய்தேன். அதற்குப் பிறகு டிப்போவில் எழுதிக் கொடுக்க வேண்டிய விளக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

நான் தோள் பக்கம், மகேஷ் கால் பக்கம். நின்ற லாரிகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சில நேரம் வரவேயில்லை என்று தோன்றும், நான் நின்றுவிடுவேன். "வருது சார், வருது, நடங்க" என்று மகேஷ் விரட்டுவான்.

ரோட்டின் குறுக்கே டிராக்டர் நிறுத்தியிருந்தது. அதன் மேல் நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் என் பெரியப்பா மகன் ராஜாங்கம் அண்ணன். விவசாயிகள் சங்கத்துக்காரர். என் அப்பாவின் கதையை மேடைக்கு மேடை சொல்பவர். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக் குனிந்தார்.

"யாரு… நம்ம கதிரா? என்னாச்சு தம்பி?"

வலிப்பு என்று சொல்லியிருக்கலாம். வழி விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு இடத்தில் வலிப்பு என்று ஆரம்பித்துவிட்டால் ஆஸ்பத்திரி வரைக்கும் அதுவேதான் வாயில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொய்யை நான் பிறகு கைவிடமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

"மாத்திர சாப்ட்டுட்டான்ணே."

"என்ன மாத்திர? பூச்சி மருந்தா?"

"இல்லண்ணே. போத மாத்திர."

ராஜாங்கம் அண்ணன் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. போத மாத்திர. உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், பின்னால் நின்ற அத்தனை வண்டிக்கும் கேட்டது.

ராஜாங்கம் அண்ணன் அதே மைக்கில், "எல்லாரும் எந்திரிங்க. புள்ளைக்கு வழி வுடுங்க. டேய், டிராக்டர எடுடா!" என்றார்.

அந்தப் பக்கம் நின்றது போலீஸ் ஜீப் மட்டும்தான். இளவயது எஸ்.ஐ. ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் பின்னால் வந்த ஒருவர் என் காதில், "போலீஸ் வண்டிலயா? கேஸாயிடும் சார், வேணாம். பைக் எடுத்தாறேன்" என்றார். உணர்வில்லாத பிள்ளையை பைக்கில் எப்படிப் பிடித்துக்கொண்டு போவது? ஜீப்பில் ஏறினேன். மகேஷ் வெளியே நின்றான். அவன் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். என்ன மாத்திரை, யார் கொடுத்தது என்று முதலில் கேட்கப்போவது அவனைத்தானே.

"ஏறுப்பா. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார் எஸ்.ஐ.

ஏறினான். கதிரின் காலை மடியில் வைத்துக்கொண்டான்.

நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர்தான் இருந்தார். "என்ன சாப்பிட்டான்?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. அட்டையை நீட்டினேன். எப்போது என்று கேட்டார். மகேஷ் சொன்னான். இதற்கு முன் எத்தனை நாளாக என்றார். அதையும் மகேஷ்தான் சொன்னான். பிறகு திருவாரூருக்குக் கொண்டுபோனோம். மாலையில் அவன் கண் திறந்தான். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தாலோ, வலிப்பு என்றே வைத்தியம் ஆரம்பித்திருந்தாலோ கஷ்டம்தான் என்று பிறகு அந்த டாக்டர் சொன்னார்.

கண் விழித்ததும் அவன் கேட்டது: "எல்லாருக்கும் தெரிஞ்சிட்டாப்பா?"

"தெரிஞ்சிட்டுப்பா. மைக் போட்டே சொல்லிட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செல்வி என்னை அடிக்க வந்தாள்.

பிறகு விவரம் தெரிந்தது. டியூஷனில் ஒரு மூத்த பையன், "இதப் போட்டுக்க, படபடப்பு அடங்கும்" என்று கொடுத்திருக்கிறான். அடங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக நெஞ்சு சும்மா இருந்தது என்றான் கதிர். கொஞ்ச நாளில் ஒன்று போதவில்லை. மறியல் நடந்த அன்று அவனுக்குச் செய்முறைத் தேர்வு, அதனால்தான் அத்தனை போட்டிருக்கிறான். கொடுத்த பையனும் அதே மாத்திரையில் விழுந்துகிடந்தவன்தான். எஸ்.ஐ. அவனையும் வைத்தியத்துக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்ற கடைக்காரனைத் தேடிப் போனார்.

மனநலப் பிரிவில் ஆலோசகராக இருந்த அம்மாவிடம் நான், "எப்படிங்க மேடம்? துணிஞ்ச பசங்கதான இதுக்குப் போவாங்க? இவன் பயந்தாங்கொள்ளியாச்சே" என்று கேட்டேன்.

"அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்றார். "ஒருத்தன் கிக்குக்காகப் போவான். ஒருத்தனுக்குக் கையக் கட்டுப்படுத்தத் தெரியாது, நெனச்சதும் செஞ்சுடுவான். ஒருத்திக்கு, இனிமே எதுவும் நல்லாவாதுன்னு மனசு உட்டுப்போயிருக்கும். உங்க பையன மாதிரி ஒருத்தன், நெஞ்சு அடிச்சாலே செத்துடுவோம்னு நெனைப்பான். நாலு பேரும் நாலு வாசல் வழியா ஒரே வீட்டுக்கு வர்றாங்க. எந்தக் கொணமும் நோய் இல்ல சார். அந்தக் கொணத்துக்கு வீட்ல எடம் இருக்கான்னு பாக்கணும். இவன் பயத்துக்கு உங்க வீட்ல எடம் இல்ல போலருக்கே?"

எனக்கு உடனே எங்கள் வண்டிதான் கண்ணில் வந்தது. படியில் தொங்கும் மகேஷ். ஏறியதும் மணிக்கயிற்றை இழுத்துவிட்டு, ஏன் இழுத்தேன் என்று தனக்கே தெரியாமல் விழிக்கும் ஒரு சின்னப் பையன். "பாஸ் எங்கம்மா?" என்றால், "இறக்கி வுட்டுடுங்க சார், போயி என்னாவப்போவுது" என்று ஜன்னலைப் பார்க்கும் ஒரு பெண். என் மகன். நால்வரையும் தினமும் பார்த்தேன். ஒருவனைத்தான் ஆபத்து என்று நினைத்தேன். அவனுக்குத்தான் விசில் கொடுத்தோம். மற்ற மூவருக்கும் என்ன கொடுத்தோம்?

ராஜாங்கம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்றதும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். குடும்பத்தின் மானம் போய்விட்டது என்பார், இல்லையென்றால் கதிருக்கு அப்பாவின் கதையைச் சொல்லி வீரம் ஊட்டுவார் என்று பயந்தேன். அவர் நேராக உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

"ஏண்டா, ஒனக்குப் படபடன்னு வருமாமே?"

கதிர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒன் தாத்தா வயல்ல எறங்க மாட்டேன்னு நின்னாருல்ல? அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன், சின்னப் பய. ஆளுங்க கம்போட வர்றானுவோ. சித்தப்பா நிக்கிறாரு. நவுரல. எல்லாம் நெசம். ஆனா முன்னாடி நின்ன எனக்குத்தான் தெரியும், வேட்டி நனஞ்சுபோச்சு."

கதிர் திரும்பினான்.

"நெசமாத்தான்டா. சாயங்காலம் நாந்தான் வாய்க்கால்ல அலசிட்டு வந்தேன். 'யாருட்டயும் சொல்லாதடா'ன்னு எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தாரு. அதுக்கப்பறம் எத்தினியோ நாளு தூக்கத்துல ஒடம்பு ஒதறும் அவருக்கு."

"ஏன் பெரியப்பா, அத மேடைல சொல்லவே மாட்டீங்க?"

"கொய்யாப்பழம் தின்னுட்டேனே!"

கதிர் சிரித்தான். நலிந்த சிரிப்புதான், ஆனாலும் சிரித்தான். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் நானும் பயந்தவன்தான். செக்கர் ஏறினால், அப்பாவின் பெயரை யாராவது எடுத்தால், மகன் அழுதால், எனக்குள்ளும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நான் பயம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. அந்த வருடத் தேர்வை அவன் எழுதவில்லை. நடுவில் ஒருமுறை வழுக்கி, மறுபடியும் மாத்திரை போட்டான். இந்தமுறை அவனே வந்து சொன்னான். செல்வி அழுதாள். நான் ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவனே சொன்னானா? அப்ப நல்லாத்தான் போவுது" என்றார் அவர். படபடப்பு வந்தால் மூச்சை எப்படி விடுவது, அது தானாக ஏறித் தானாக இறங்கும் வரை எப்படிக் காத்திருப்பது என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "பயப்படாதே" என்று சொல்லாதே. அது எனக்கு அவனுடையதைவிடக் கஷ்டமான பாடமாக இருந்தது. வாயில் வரும், கடித்து விழுங்குவேன்.

வண்டியிலும் சில மாற்றங்கள் செய்தோம். மணிக்கயிறு இழுக்கும் பயலை டிரைவர் அண்ணன் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நான் தலையாட்டியதும் இழுக்கும் வேலையைக் கொடுத்தார். தலையாட்டும் வரை காத்திருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். "போயி என்னாவப்போவுது" என்ற பெண்ணிடம் தினமும் ஒரு வார்த்தையாவது பேசினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பது போல. ஒருநாள், "சார், நேத்து நீங்க ஏன் வரல?" என்று அவள் கேட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை லேசாக இருந்தது. அவர்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. கண்டக்டர் வேலை அப்படித்தான், பிள்ளைகள் நடுவில் ஏறி நடுவில் இறங்கிவிடுவார்கள். நம் வண்டியில் இருக்கும் வரைக்கும் முகத்தைப் பார்க்கலாம். மகேஷைப் பற்றி மட்டும் தெரியும். தீயணைப்புத் துறையில் சேர்ந்துவிட்டான். வேறு எங்கே சேர்வான்!

கதிர் மறு வருடம் தேர்வெழுதி, பாலிடெக்னிக் முடித்தான். போன மாதம் திருவாரூரில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. கூட வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். நான் வீட்டில் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் போன் வந்தது.

"அப்பா."

"சொல்லுப்பா."

"அடுத்தது என்னத்தான் கூப்புடுவாங்க. பயமா இருக்குப்பா. கை நடுங்குது. பேனாவப் புடிக்க முடியல."

பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"என்னப்பா பண்ணப்போற?"

அவன் மூச்சு கேட்டது. மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டான்.

"நடுங்கிகிட்டேதான் உள்ள போவப்போறேன்."

"போப்பா" என்றேன். "எனக்கும் இங்க நடுங்கிகிட்டுத்தான் இருக்கு."

"தெரியும்" என்று சிரித்தான். பின்னால் யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டு உள்ளே போனான்.